டயாலிசிஸ் யூனிட்டில் சிடுசிடுப்பு: எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது

டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்கள் வீட்டில் வந்து சொல்லும் குறைகளைக் கேட்டுப்பாருங்கள். எந்திரத்தைப் பற்றி அதிகம் இருக்காது. ஆட்களைப் பற்றித்தான் இருக்கும். "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை." "ஊசி வலிக்குது என்றால், எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும் என்கிறார்." "ஏன் இவ்வளவு தண்ணி குடிச்சீங்க என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டார்."

இதைக் கேட்கும் சொந்தபந்தங்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, "வாயைத் திறக்காதே, நாளை மறுநாளும் அவர்களிடம்தானே கையை நீட்ட வேண்டும்" என்னும். இன்னொரு கட்சி, "விடாதே, மேலே எழுதிப் போடு" என்னும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே அரைகுறை. எது வெறும் சிடுசிடுப்பு, எது சிகிச்சையில் குறை, எது உயிருக்கு ஆபத்து என்று பிரிக்கத் தெரிந்தால்தான் யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் பேசுவது என்பது பிடிபடும். அதற்கு, அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

## 4 மணி நேரத்தில் நடப்பது

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, டயலைசர் என்ற வடிகட்டி வழியே ஓடவிட்டு, கழிவையும் மிகுதி நீரையும் நீக்கித் திரும்ப உள்ளே அனுப்புவதுதான் ஹீமோடயாலிசிஸ். பெரும்பாலோருக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை.

ரத்தம் நிமிடத்துக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர் வேகத்தில் போய் வருகிறது. 300 என்றே வைத்தாலும் 4 மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் மொத்தம் இருப்பது சுமார் 5 லிட்டர்தான். அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. எனவே எங்காவது ஒரு சின்னத் தவறு நடந்தால், அது பெரிய தவறாவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

யூனிட்டில் அடிக்கடி காதில் விழும் சில சொற்கள்:

1. ஃபிஸ்டுலா: கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்து உருவாக்கும் வழி. அங்கேதான் ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகள் குத்துகிறார்கள். தொட்டால் அதிர்வு தெரியும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது.

2. கெதீட்டர்: ஃபிஸ்டுலா இல்லாதவர்களுக்கு, அல்லது அது தயாராகும்வரை, கழுத்துப் பக்கப் பெரிய சிரையில் செருகும் குழாய். கிருமி உள்ளே போக இது நேர்வழி.

3. டிரை வெயிட்: மிகுதி நீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை. வரும்போது 63 கிலோ, டிரை வெயிட் 60 கிலோ என்றால் எடுக்க வேண்டியது சுமார் 3 லிட்டர்.

4. நீர் எடுக்கும் வேகம்: மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பல இடங்களில் பின்பற்றப்படும் எல்லை. 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் 3.1 லிட்டர் வருகிறது. அதைத் தாண்டினால் பி.பி. சரிவதும் இதயத்துக்குச் சுமை ஏறுவதும் அதிகம்.

5. கேடி/வி, யூஆர்ஆர்: ரத்தம் போதுமான அளவு சுத்தமானதா என்று சொல்லும் கணக்குகள். வாரம் 3 முறை செய்பவருக்கு கேடி/வி குறைந்தது 1.2, யூஆர்ஆர் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். நேரத்தைக் குறைத்தால் இவை இறங்கும்.

## எந்திரத்துக்குத் தெரியாத ஒன்று

டயாலிசிஸ் எந்திரம் நிறையக் கண்காணிக்கிறது. குழாயில் அழுத்தம், காற்றுக் குமிழி, வடிகட்டியில் கழிவை வாங்கிக்கொள்ளும் கரைசலின் (டயாலிசேட்) வெப்பம், அதில் உப்பின் அளவு, வடிகட்டியில் ரத்தக் கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலாரம் உண்டு. ஆனால் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்குவது அதற்குத் தெரியாது. கண் இருட்டுவது தெரியாது. ஊசி நுனி சிரைச் சுவரில் இடிப்பது, அழுத்தம் மாறும்வரை தெரியாது. ஒரு பி.பி. அளவுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் வேலை செய்யும் ஒரே அலாரம் நோயாளியின் வாய்தான்.

ஒரு காட்சியைப் பாருங்கள். மூன்றாவது மணி நேரம். கெண்டைக்காலில் லேசாக ஒரு முறுக்கு. சொல்லலாமா என்று யோசிக்கிறார் அவர். போன வாரம் சொன்னபோது, "இப்பதானே பார்த்துட்டுப் போனேன், அதுக்குள்ள என்ன?" என்று கேட்ட அதே டெக்னீஷியன்தான் இன்றும் டியூட்டி. சரி, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் கால் கல்லாக இறுகுகிறது. கொட்டாவி வருகிறது, வியர்க்கிறது, பி.பி. 90-க்குக் கீழே போய்விட்டது. அப்புறம் எல்லாரும் ஓடி வந்து, நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தி, நீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் ஏற்றுகிறார்கள். எடுக்க வேண்டிய நீரில் அரை லிட்டர் உள்ளேயே நின்றுபோகிறது. முதல் முறுக்கிலேயே சொல்லியிருந்தால், வேகத்தைக் குறைத்தே பெரும்பாலும் சமாளித்திருக்கலாம்.

இங்கே டெக்னீஷியன் மருத்துவத் தவறு எதுவும் செய்யவில்லை. போன வாரம் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்தச் சலிப்பு ஓர் அலாரத்தை அணைத்துவிட்டது. டயாலிசிஸில் மரியாதைக் குறைவு என்பது மனவருத்தத்தோடு முடியாமல் சிகிச்சைப் பிரச்சினையாகவும் ஆவதற்கு இதுதான் காரணம். புகார் சொல்லும்போதும் இதையே முன்வைத்தால் எடுபடும். "அவர் என்னை மதிக்கவில்லை" என்பதைவிட "அவர் பேசிய விதத்தால் கால் இழுப்பதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன், பி.பி. இறங்கிவிட்டது" என்பதை எந்த நிர்வாகமும் எளிதில் தள்ளிவிட முடியாது.

## இந்த உறவு ஏன் இவ்வளவு சிக்கல்?

காய்ச்சலுக்குப் போன இடத்தில் நர்ஸ் முகம் சுளித்தால் அடுத்த முறை வேறு இடம் போகலாம். டயாலிசிஸில் அது எளிதில்லை. இந்த நிலைமை வந்தது எப்படி என்பதற்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

1943-இல், ஜெர்மானியப் படை பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கொல்ஃப் என்ற மருத்துவர் மனிதருக்கு நடைமுறையில் பயன்பட்ட முதல் டயாலிசிஸ் எந்திரத்தைச் செய்தார். அப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டும். சில முறைக்கு மேல் குழாய் மிஞ்சாது. சிறுநீரகம் தற்காலிகமாக நின்றவர்களுக்கு மட்டுமே அது உதவியது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிரந்தரமாகப் பொருத்திவைக்கும் டெஃப்ளான் குழாயைக் கொண்டுவந்தார். அதைப் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966-இல் பிரெஷியா, சிமினோ குழுவினர் ஃபிஸ்டுலாவை அறிமுகப்படுத்தினார்கள்.

நோயாளியும் ஊழியரும் வருடக்கணக்கில், வாரம் 3 நாள், மணிக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலை அதோடு வந்தது. குடும்பத்துக்கு உள்ளது போன்ற நெருக்கமும் குடும்பத்துக்கு உள்ளது போன்ற எரிச்சலும் அதில் உண்டு. அதோடு, ஒரு தரப்பு ஊசியைப் பிடித்திருக்கிறது, மறு தரப்பு கையை நீட்டியிருக்கிறது. சமமில்லாத இந்த நிலைதான் பலரை வாய்மூட வைக்கிறது.

## யார் எதற்குப் பொறுப்பு?

"உதவவே மாட்டேன்கிறார்கள்" என்ற குறைகளில் ஒரு பகுதி, தவறான ஆளிடம் கேட்டதால் வருவது. டெக்னீஷியன் எந்திரத்தைத் தயார் செய்கிறார். பல யூனிட்களில் ஊசி குத்துவதும் அவர்தான். நர்ஸ் உடல்நிலையைக் கவனிக்கிறார், மருந்து தருகிறார். டிரை வெயிட், டயாலிசிஸ் நேரம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, கரைசலில் சோடியம், இதெல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுப்பவை. "டிரை வெயிட்டை மாத்துங்க" என்று டெக்னீஷியனிடம் கேட்டால் அவர் "அதெல்லாம் முடியாது" என்றுதான் சொல்வார். நல்லவராக இருந்தால் "டாக்டரைக் கேளுங்க" என்று சேர்த்துச் சொல்வார். இல்லையென்றால் முதல் பாதியோடு நடந்துவிடுவார்.

கேட்கும் நேரமும் முக்கியம். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது ஏறும் அந்த முக்கால் மணி நேரம் யூனிட்டில் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி. ஒருவருக்கு ஊசி எடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவருக்கு எடை பார்க்க வேண்டும், நாற்காலியையும் எந்திரத்தையும் துடைத்துக் கிருமி நீக்க வேண்டும். அப்போது போய் ரத்தப் பரிசோதனை முடிவை விளக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் வள்ளென்று விழுவார்கள். அவசரமில்லாத கேள்விகளை, எந்திரத்தில் இணைத்து (யூனிட் பேச்சில் 'ஏற்றி') அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் அதே ஆளிடமிருந்து வேறு குரலில் பதில் வருவதுண்டு. அவசரமானவை வேறு கணக்கு. அவற்றுக்கு நேரம் காலம் பார்க்கத் தேவையில்லை.

## மூன்றாகப் பிரியுங்கள்

1. வெறும் சிடுசிடுப்பு. முகத்தைப் பார்க்காமல் பேசுவது, வணக்கத்துக்குப் பதில் சொல்லாதது, தமக்குள் அரட்டை, சலிப்பான குரல். ஒருநாள் நடந்தால் விட்டுவிடலாம். ஒரே ஆள், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப என்றால் நேரில் ஒரு முறை சொல்ல வேண்டும். அது பேச்சைத் தாண்டி ஏளனம், வசை, சாதி மத இனக் குத்தல் என்று போனால் இந்த வகையில் நிற்காது. உடனே எழுத்தில் போக வேண்டியது.

2. சிகிச்சைக் குறை. தாமதமாக ஏற்றிவிட்டு வழக்கமான நேரத்துக்கே கழற்றி இறக்குவது, எடை பார்க்காமலே நீர் அளவை வைப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்துவது, பரிசோதனை முடிவைக் காட்ட மறுப்பது. இதில் உடனடி ஆபத்து தெரியாது, மாதக்கணக்கில் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் குறைந்தால் 156 முறைக்கு 39 மணி நேரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 10 டயாலிசிஸ் காணாமல் போகிறது. "கால் மணி நேரத்துல என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கே பதில்.

3. ஆபத்து. கையுறை மாற்றாமல் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் வருவது. மாஸ்க் இல்லாமல் கெதீட்டரைத் திறப்பது. அலாரத்தை என்னவென்று பார்க்காமல் அமர்த்திவிட்டுப் போவது. ஊசி போட்ட இடம் வீங்குகிறது, வலிக்கிறது என்று சொல்லியும் பம்ப்பை நிறுத்தாதது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர் நடுக்கம் என்று சொல்லியும் வராதது. இதில் பணிவுக்கும் காத்திருப்புக்கும் இடமில்லை. குரலை உயர்த்திக் கூப்பிடலாம். பக்கத்து நாற்காலிக்காரரையும் கூப்பிடச் சொல்லலாம்.

மூன்றாவது வகையில் தனியாகச் சொல்ல வேண்டியது ஊசி கழன்றுவிடுவது. ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் பக்கத்து ஊசி கழன்றால் பம்ப் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 300 மி.லி. என்றால் நாலு நிமிடத்தில் ஒரு லிட்டருக்கு மேல். அழுத்த அலாரம் எல்லா நேரமும் இதைப் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. குளிருகிறது என்று ஊசிக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்பவர்களை ஊழியர்கள் "கையை வெளியே வைங்க" என்று அதட்டுவது இதனால்தான். வார்த்தை கரடுமுரடாக வந்தாலும் விஷயம் சரி. இந்த அதட்டலைப் புகார் நோட்டில் சேர்க்க வேண்டாம்.

## என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

சிடுசிடுப்பான ஆளிடம் நீளமாகப் பேசினால் வேலைக்காகாது. மூன்று துண்டு போதும்: என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும்.

"சிஸ்டர், கெண்டைக்கால் இழுக்குது, அஞ்சு நிமிஷமா. தண்ணி எடுக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைங்க."

"தம்பி, ஊசி போட்ட இடம் வீங்குது, இப்பதான். பம்ப்பை நிறுத்திட்டுப் பாருங்க."

இதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை, தட்டிக்கழிக்கவும் இடமில்லை. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு காலை விட்டுவிட்டு குணத்துக்குப் போய்விடும், கால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எண் இருந்தால் இன்னும் நல்லது. "நிறைய எடுக்கிறீங்க" என்பதைவிட "நான் 60 கிலோ, இன்னிக்கு 3.8 லிட்டர் வைச்சிருக்கீங்க, 4 மணி நேரத்துக்கு அது அதிகம் இல்லையா? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். தன் கணக்கு தெரிந்த நோயாளியிடம் பேச்சின் தொனி மாறுவது பல யூனிட்களில் காணும் விஷயம்.

சலிப்பாகப் பேசுகிறவரிடம் அதைச் சொல்வதற்கு, ஊசி கையில் இருக்கும் நேரம் ஏற்றதில்லை. இறக்கிய பிறகோ, அவர் சும்மா நிற்கும்போதோ, தனியாக: "போன தடவை அத்தனை பேர் முன்னாடி தண்ணியைப் பத்திச் சத்தம் போட்டீங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. தப்பு இருந்தா பக்கத்துல வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." இவ்வளவு சொன்னாலே மாறுகிறவர்கள் நிறைய. தாங்கள் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் பற்றிய திட்டு, யூனிட்டில் நித்தியபடி. திட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அதனால் பயன் இல்லை, ஏனென்றால் தாகத்தின் வேர் பெரும்பாலும் உப்பு. உடம்பில் 9 கிராம் உப்பு தங்கினால் அதைச் சமன்செய்ய ஒரு லிட்டர் நீரை உடம்பு கேட்டு வாங்கிக்கொள்ளும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் தாகம் எடுக்கும். டயாலிசேட்டில் சோடியம் கூடுதலாக இருந்தாலும் எடுக்கும். எனவே திட்டு விழும்போது தலைகுனிவதற்குப் பதில், "தாகம் தாங்கல. உப்பைக் குறைச்சிட்டேன். கரைசல்ல சோடியம் எவ்வளவு வைச்சிருக்காங்கன்னு டாக்டர்கிட்ட கேட்கலாமா?" என்று திருப்பிவிடலாம்.

## ஊசி விஷயத்தில் கூச்சம் வேண்டாம்

மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் ஃபிஸ்டுலாவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தக் கை போனால் அடுத்த வழிக்கு அறுவை சிகிச்சை, தயாராகப் பல வாரக் காத்திருப்பு, அதுவரை கெதீட்டர்.

ஊசிகள் சின்னவை இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மேலேயே இருக்கும். குத்துவதில் முறைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி, ஏணிப்படிபோல் மேலேறிக் கீழிறங்குவது ஒன்று. ஒரே துளையில், ஒரே கோணத்தில் குத்திப் பாதை உண்டாக்கிப் பிறகு முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்துவது இன்னொன்று. இதற்குத் தனிப் பயிற்சியும் கிருமித் தடுப்பில் கூடுதல் கவனமும் வேண்டும். இரண்டும் இல்லாமல், எளிதாகக் கிடைக்கிறது என்று ஒரு சின்னப் பரப்பிலேயே குத்திக்கொண்டிருப்பதுதான் கெட்ட பழக்கம். அந்த இடத்துச் சுவர் மெலிந்து பலூன்போல் புடைத்துவிடும்.

ஆகவே, "இந்த இடத்தில் வேண்டாம், போன தடவையும் இங்கேதான்" என்று சொல்வது திமிர் ஆகாது. ஒருவர் இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் "வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று சொல்லலாம். இரண்டு முயற்சிக்குப் பிறகு அனுபவமுள்ளவரை அழைப்பது நல்ல யூனிட்களில் அவர்களே பின்பற்றும் வழக்கம். புதிதாகக் கற்பவர் ஊசி போட வந்தால் மறுப்பதும் நோயாளியின் உரிமை. முகம் வாடும்தான். அதற்காகக் கையைக் கொடுக்க முடியாது.

## நோட்டுப் புத்தகம்

நினைவிலிருந்து சொல்லும் புகாருக்கும் எழுதிவைத்துச் சொல்லும் புகாருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் ஒரு வரி: தேதி, முன் எடை, பின் எடை, எடுத்த நீர், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், பி.பி., ஊசி போட்ட இடம். ஏதாவது நடந்தால் இன்னொரு வரி.

"12-ஆம் தேதி, காலை 9.40, வலது பக்கத்து நாற்காலியிலிருந்து கையுறை மாற்றாமல் வந்து என் லைனைத் தொட்டார். சொன்னேன். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்றார்." இப்படி. அபிப்பிராயம் வேண்டாம், பார்த்தது, கேட்டது மட்டும். ஒரு மாதம் எழுதினால் ஒன்று தெரியவரும்: தினமும் நடப்பதாக நினைத்தது மாதத்தில் இரண்டு முறைதான் நடந்திருக்கலாம், அல்லது தற்செயல் என்று நினைத்தது ஒரே ஆளின் டியூட்டியில் மட்டும் நடந்திருக்கலாம். இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டியவை.

## புகார் ஏறும் படிகள்

1. சம்பந்தப்பட்டவரிடம் நேரில். ஆபத்து வகைக்கும் வசைக்கும் இந்தப் படி கட்டாயமில்லை.

2. அந்த ஷிஃப்ட்டின் பொறுப்பு நர்ஸ் அல்லது யூனிட் இன்சார்ஜிடம், டயாலிசிஸ் இல்லாத நேரத்தில். இங்கே ஒரு தீர்வையும் கையோடு கொண்டுபோனால் நல்லது: "அவரை வேலையை விட்டு அனுப்புங்க" என்பது அவர்களால் முடியாதது, "எனக்கு ஊசி மட்டும் வேறொருவர் போடட்டும்" என்பது அடுத்த முறையே முடிவது.

3. சிறுநீரக மருத்துவரிடம். சிகிச்சைக் குறை எல்லாம் இவரிடம் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் அவர் எழுதிய 4 மணி நேரம் மூன்றே முக்காலாக ஆவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

4. நிர்வாகத்துக்கு எழுத்தில். தேதி போட்டு, ஒரு பக்கத்துக்குள், நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி.

5. அதற்கும் மேலே, அந்தந்த நாட்டின் சுகாதாரத் துறை, மருத்துவ அல்லது செவிலியர் கவுன்சில், காப்பீட்டு அமைப்பு என்று வழிகள் உண்டு.

பழிவாங்கிவிடுவார்களோ என்ற பயத்தை "அதெல்லாம் இல்லை" என்று ஒதுக்கிவிட முடியாது. திடீரென்று ஷிஃப்ட் மாறுவது, கடைசியில் ஏற்றுவது, யாருமே பேசாமல் போவது என்று நடக்கலாம். அப்படி ஏதும் நடந்தால் அதையும் தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். புகார் எழுத்தில் இருந்தால், அதற்குப் பிறகு நடப்பதை அந்தப் புகாரோடு சேர்த்துத்தான் யாரும் பார்ப்பார்கள். நோயாளிக்குப் பாதுகாப்பே அதுதான். கையுறை, நேரக் குறைப்பு போன்றவை எல்லாரையும் பாதிப்பவை என்பதால், அதே ஷிஃப்ட்டில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் யாரும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

## கோபத்தில் செய்யக் கூடாதவை

முதலாவது, டயாலிசிஸைத் தவறவிடுவது. "அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்று இன்னிக்குப் போகல" என்பவர்கள் இருக்கிறார்கள். வாரம் 3 முறை அட்டவணையில் ஒரு இடைவெளி ஏற்கெனவே 2 நாள் நீளம். அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணமும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதும் கூடுதலாக இருந்தன. ஒரு நாளைத் தவறவிட்டால் அந்த இடைவெளி இன்னும் நீளும். பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். பாதியில் "என்னை இறக்கிவிடுங்க" என்பதும் இதன் தம்பிதான்.

இரண்டாவது, எந்திரத்தின் பொத்தான்களைத் தானே அமுக்குவது. வீட்டு டயாலிசிஸுக்குப் பயிற்சி பெற்றவர்கள் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. மூன்றாவது, மொபைலில் வீடியோ எடுப்பது. பக்கத்து நாற்காலிக்காரரின் அந்தரங்கமும் அதில் விழும், பிறகு பேச்சு முழுக்க உங்கள் வீடியோவைப் பற்றியே ஓடும். கையைப் பிடித்து இழுப்பது, மிரட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே ஒரு முறை நடந்தாலும் "தகராறு பண்ணுகிறவர்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சொல்லும் நியாயமான புகாரும் அந்தக் கணக்கில் போய்ச் சேரும்.

## மறுபக்கம்

ஊழியர்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரிகின்றன. ஆள் பற்றாக்குறை, நாளெல்லாம் காதில் அலாரம், நின்றபடியே வேலை. பலர் வெளியில் சொல்லாத ஒன்றும் உண்டு: வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய நோயாளி ஒருநாள் வருவதில்லை, அந்த நாற்காலியில் அடுத்த வாரம் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். இதைப் பலமுறை பார்த்தவர்களில் சிலர் இறுகிப்போகிறார்கள். சிடுசிடுப்புக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் எல்லாச் சிடுசிடுப்பும் நம்மேல் உள்ள வெறுப்பு இல்லை என்று புரிய உதவும்.

நோயாளியின் பக்கமும் உடம்பு சும்மா இருப்பதில்லை. கழிவு தேங்கிய ரத்தம், தூக்கமின்மை, அரிப்பு, ரத்தசோகை எல்லாம் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும். எல்லா ஊழியர்மீதும், வீட்டில் எல்லார்மீதும் கோபம் வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டயாலிசிஸ் செய்பவர்களிடையே அது சாதாரணமாகக் காணப்படுவது, சிகிச்சையும் உண்டு. மருத்துவரிடம் அதையும் சொல்லலாம்.

## யூனிட்டை மாற்றுவது என்றால்

எழுதிப் பார்த்தும் பேசிப் பார்த்தும் ஆபத்து வகை தொடர்ந்தால் மாறுவதுதான் சரி. ஆனால் புது இடத்தில் நாற்காலி உறுதியாகும்வரை பழைய இடத்தை விடக் கூடாது. கையில் இருக்க வேண்டியவை: மருத்துவர் எழுதிய டயாலிசிஸ் குறிப்பு, டிரை வெயிட், அண்மைய ரத்தப் பரிசோதனைகள், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி முடிவுகள் (ஹெபடைடிஸ் பி இருந்தால் தனி எந்திரம் வேண்டும்), ஃபிஸ்டுலா போட்ட தேதி, மருந்துப் பட்டியல்.

ஊழியர்களையே சாராத வழிகளும் உண்டு. வயிற்றுச் சவ்வு வழியாகச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸை வீட்டிலேயே நாளுக்கு 4 முறை கரைசலைக் கையால் மாற்றிச் செய்யலாம். அல்லது இரவு தூங்கும்போது எந்திரம் பார்த்துக்கொள்ளும். எல்லாருக்கும் ஒத்துவராது, வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தவர்களுக்குச் சிக்கல். வீட்டிலேயே ஹீமோடயாலிசிஸ் செய்ய வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

வேறு யூனிட்டுக்கே போனாலும், முதல் நாள் ஊசி போட வருகிறவருக்கு உங்கள் கை தெரியாது. பழைய இடத்தைப் பற்றிய குறையை அன்று சொல்ல வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கடைசி மூன்று முறை எங்கெங்கே ஊசி போட்டார்கள், எந்த அளவு ஊசி, எந்தப் பக்கம் சாய்த்தால் எளிதாகப் போகும் என்பதைக் காட்டுங்கள்.